கனம் குறைந்த கிராப்பி ஜிக்குகளை வீசப் பெய்ட்காஸ்டிங் ரீலை எப்படிப் பக்குவப்படுத்துவது?

பாஸ் மீனுக்காக வாங்கிய ஒரு பெய்ட்காஸ்டிங் ரீல் (தூண்டில் நரம்பைச் சுற்றிவைத்து வீசும் கருவி) உங்களிடம் இருக்கிறது. அதில் அரை அவுன்ஸ் லூர் (செயற்கை இரை) குறையில்லாமல் போகிறது. ஆனால் கிராப்பி என்ற நன்னீர் மீனுக்காக 1/16 அவுன்ஸ் ஜிக்கை (கனமான தலை கொண்ட தூண்டில் முள்ளை) கட்டி வீசினால், ஒன்று படகுக்கு அருகிலேயே விழுந்துவிடுகிறது, அல்லது நரம்பு சுற்றிய உருளையான ஸ்பூலில் நரம்பு கூடு கட்டிக்கொள்கிறது. எந்தத் திருகை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியின் உள்ளே இருப்பது வேறொன்று என்று நினைக்கிறேன்: இந்த எடையை வீசும் நிலைக்கு இதே ரீலைக் கொண்டுவர முடியுமா, அல்லது அது இந்த ரீலின் எல்லைக்கு அப்பாற்பட்டதா? டென்னசியில் பல ஆண்டுகளாகக் கிராப்பி பிடித்து வருகிறேன். நண்பர்களின் ரீல்களைப் பிரித்துச் சுத்தம் செய்து கொடுப்பதும் என் வழக்கம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: ஓரளவுக்குக் கொண்டுவர முடியும், ஆனால் அதில் திருகுகளின் பங்கு பலரும் நினைப்பதைவிட மிகவும் குறைவு.

கனமான லூருக்கு மாறிவிடலாமே என்று யாராவது சொன்னால், அது மீனை அறியாத பேச்சு. வெள்ளைக் கிராப்பி, கருப்புக் கிராப்பி ஆகிய இரண்டுமே மூழ்கிய மரக்கிளைகளையும் தூண்களையும் ஒட்டி நடுநீரில் நிற்பவை. பெரும்பாலும் தங்களுக்கு மேலே இருக்கும் இரையைப் பார்த்து எழுந்து வந்து எடுப்பவை. அவற்றின் பார்வையில் ஜிக் மெதுவாக இறங்க வேண்டும், சில வேளைகளில் இறங்காமலே நிற்க வேண்டும். 1/32, 1/16, 1/8 அவுன்ஸ் என்று ஜிக்குகள் இவ்வளவு இலேசாக இருப்பதற்குக் காரணம் அதுதான். கிராம் கணக்கில் அவை சுமார் 0.9, 1.8, 3.5 வரும். 2 அங்குல ரப்பர் உடலையும் சேர்த்தால் 1/16 அவுன்ஸ் ஜிக் சுமார் இரண்டரை கிராம் இருக்கும். உங்கள் ரீல் எதிர்கொள்ள வேண்டிய எடை அதுவே.

இனிச் சொல்லப்போவது இயற்பியல் கணக்கு, இதில் ஐயத்துக்கு இடமில்லை. ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் அசையாமல் நிற்கிறது. நரம்பு மட்டும் சுருள் சுருளாகக் கழன்று போகிறது. பெய்ட்காஸ்டிங் ரீலிலோ ஸ்பூலே சுழன்றால்தான் நரம்பு வெளியேறும். கட்டைவிரலை எடுக்கும் கணத்தில் லூர் ஏற்கெனவே வேகத்தில் இருக்கிறது, ஸ்பூல் அசையாமல் இருக்கிறது. லூர் தன் வேகத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துத்தான் ஸ்பூலை எழுப்ப வேண்டும். ஒரு சாதாரண ஸ்பூல் 14 கிராம் என்றும், அதன் மேல் சுற்றிய நரம்பு 10 கிராம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா எடையும் விளிம்பில் இல்லை என்பதால், லூரின் மீது அது செலுத்தும் பாரம் தோராயமாக 13 கிராம் எனலாம். இரண்டரை கிராம் ஜிக்கும் இந்த ஸ்பூலும் ஒரே வேகத்தில் ஓடும்போது மொத்த இயக்க ஆற்றலில் ஆறில் ஒரு பங்குதான் ஜிக்கிடம் இருக்கும், மற்றதெல்லாம் ஸ்பூலிடம். குருவி தலையில் பனங்காய் என்பது இதற்குச் சரியாகப் பொருந்தும். 14 கிராம் லூரை அதே ரீலில் வீசினால் பாதிக்கு மேற்பட்ட ஆற்றல் லூரிடம் இருப்பதால் அப்போது எந்தத் தொல்லையும் தெரிவதில்லை.

அடுத்து நடப்பது இன்னும் மோசமானது. காற்று ஜிக்கின் வேகத்தை உடனே குறைக்கிறது, ஸ்பூலின் வேகத்தை அவ்வாறு குறைப்பதில்லை. முன்னே போகும் ஜிக் கேட்பதைவிட அதிக நரம்பை ஸ்பூல் வெளியே தள்ளுகிறது, மிஞ்சிய நரம்பு ஸ்பூலின் மேலேயே உப்பி, பேக்லாஷ் ஆகிறது. அதைத் தடுக்கப் பிரேக்கை ஏற்றினால், ஜிக் கொடுத்த கொஞ்ச ஆற்றலையும் பிரேக் தின்றுவிடுகிறது. இதனால்தான் திருகுகளை மட்டும் வைத்துக்கொண்டு போராடுபவர்கள் சிக்கலுக்கும் தூரமின்மைக்கும் இடையே ஊசலாடுகிறார்கள். சுழல வேண்டிய பொருளின் பாரத்தைக் குறைப்பது முதல் வேலை. பிரேக்கைத் தொடுவது அதற்குப் பிறகு.

பாரத்தைக் குறைக்க மிக எளிய வழி நரம்பிலிருந்து தொடங்குகிறது. இந்த வகை ரீல்கள் பலவற்றில் 12 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு 120 கஜம், அதாவது சுமார் 110 மீட்டர் பிடிக்கும். 0.33 மில்லிமீட்டர் நைலான் நரம்பு அந்த நீளத்துக்கு 10 கிராமைத் தாண்டிவிடும். அதாவது, நீங்கள் வீசும் ஜிக்கைப் போல நான்கு மடங்கு எடையுள்ள நரம்பை அந்த ஜிக் சுழற்ற வேண்டியிருக்கிறது. அதை முழுவதும் உருவிவிட்டு 6 பவுண்டு நைலான் நரம்பை 50 மீட்டர் மட்டும் சுற்றினால் எடை இரண்டரை கிராமுக்குள் அடங்கும். கிராப்பிக்கு 50 மீட்டருக்கு மேல் தேவைப்படும் சூழ்நிலை வீச்சில் வருவதே இல்லை. ஃபுளோரோகார்பன் என்ற இன்னொரு வகை நரம்பு நைலானைவிட அடர்த்தி கூடியது. அதே தடிமனில் அதே நீளம் ஒன்றரை மடங்குக்கு மேல் எடை வரும். அது நீரில் அமிழ்வதால் சில இடங்களில் பயன்படும் என்றாலும், இந்த ரீலில் உங்களுக்கு நைலானையே பரிந்துரைக்கிறேன். மெல்லிய பின்னல் நரம்பு எடையில் எல்லாவற்றையும்விடக் குறைவுதான். ஆனால் அது தன் மேலேயே அழுந்திப் புதைந்துகொள்ளும், வழவழப்பான ஸ்பூலில் மொத்தமாக நழுவிச் சுழலும், சில ரீல்களில் ஸ்பூலுக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளிக்குள் புகுந்துவிடும். கிராப்பியின் வாய் காகிதம் போல மெல்லியது. நைலானின் இழுவிசை நெகிழ்வு அந்த வாய் கிழியாமல் காக்கிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இங்கே ஒரு சிறு முரண்பாடு இருக்கிறது. ஆழமான ஸ்பூலில் நரம்பை மிகக் குறைவாகச் சுற்றினால், நரம்பு நிற்கும் மட்டம் அச்சுக்கு அருகில் போய்விடுகிறது. அப்போது ஜிக் குறுகிய நெம்புகோலைப் பிடித்து ஸ்பூலைச் சுழற்ற வேண்டியிருக்கும். அதே நரம்பு வேகத்துக்கு ஸ்பூல் அதிகச் சுற்று சுற்ற வேண்டியும் இருக்கும். ஆகவே நரம்பைக் குறைத்ததில் கிடைத்த ஆதாயத்தில் ஒரு பகுதி திரும்பப் போய்விடுகிறது. இதற்குச் சரியான தீர்வு, நரம்பு விளிம்புக்கு அருகிலேயே நிற்கும்படி தோண்டப்பட்ட ஆழமற்ற ஸ்பூல்தான். ரோரோ, அவைல் போன்ற நிறுவனங்கள் பரவலாக விற்கும் ரீல்கள் பலவற்றுக்கு இத்தகைய இலேசான மாற்று ஸ்பூல்களைச் செய்கின்றன. அது கிடைக்காவிட்டால், மெல்லிய கார்க் பட்டையை ஸ்பூலின் அடியில் சீராக ஒட்டி மட்டத்தை உயர்த்தும் பழைய முறை இன்றும் பயன்படும். ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் ஒட்டினால் ஸ்பூல் அதிரத் தொடங்கும் என்பதால், அதைப் பொறுமையாகச் செய்ய வேண்டும்.

அடுத்தது பேரிங். புதிய ரீல்களில் தொழிற்சாலையில் இடும் எண்ணெய் பேரிங்கைக் காப்பதற்கானது. கனமான லூருக்கு அதன் தடிமன் தெரியாது, இரண்டரை கிராமுக்குத் தெரியும். பக்கத் தட்டைத் திறந்து ஸ்பூலை வெளியே எடுத்தால், பக்கத் தட்டில் ஒரு பேரிங், கைப்பிடிப் பக்கம் ஸ்பூலின் அச்சை அழுத்தும் டென்ஷன் குமிழின் உள்ளே ஒரு பேரிங் எனப் பெரும்பாலான ரீல்களில் இரண்டைக் காணலாம். சிலவற்றில் ஸ்பூல் அச்சிலேயே ஒன்று குத்தூசியால் பிணைக்கப்பட்டிருக்கும், அதைக் கழற்ற அதற்கென்று உள்ள கருவி வேண்டும். கழற்றிய பேரிங்குகளை ஒரு சிறிய கண்ணாடிக் குப்பியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஊற்றிப் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். தெளிவான திரவம் மங்கலாகும் வரை பழைய எண்ணெய் வெளியேறும். திரவத்தை மாற்றி மீண்டும் குலுக்குங்கள். மெல்லிய தாளில் வைத்து உலர்த்தியபின் ஒரு பென்சில் முனையில் செருகி விரலால் சுண்டிவிட்டால், உலர்ந்த பேரிங் மெல்லிய கீச்சொலியுடன் நெடுநேரம் சுழலும். அந்தச் சுழற்சியைப் பார்த்து மயங்கி அப்படியே மாட்டிவிடக் கூடாது. எண்ணெய் இல்லாத பேரிங் விரைவில் தேயும். ஊசி முனையில் தொட்ட அளவு மெல்லிய ரீல் எண்ணெயை வைத்தால் கீச்சொலி அடங்கும். அதுவே போதுமான அளவு. கிரீஸ் பற்சக்கரங்களுக்கு உரியது. ஸ்பூல் பேரிங்கின் அருகில்கூட அது வரக் கூடாது. டென்ஷன் குமிழின் உள்ளே இருக்கும் சிறு தகட்டையும் துடைத்துவிடுங்கள், பழைய எண்ணெய் பிசினாகி ஒட்டும் இடம் அது.

பீங்கான் குண்டுகள் கொண்ட பேரிங் வாங்க வேண்டுமா என்பது கருத்து வேறுபாடு உள்ள கேள்வி. பெரும் வேறுபாடு என்று சொல்பவர்கள் உண்டு. என் கணிப்பில், குண்டு எந்தப் பொருளால் ஆனது என்பதைவிட எண்ணெய் எவ்வளவு மெல்லியது என்பதே இந்த எடையில் முக்கியம். ஆகவே முதலில் இருக்கும் பேரிங்கைச் சுத்தம் செய்து பார்ப்பதுதான் முறை. காசைச் செலவிடுவதென்றால் முதலில் ஸ்பூலுக்குச் செலவிடுங்கள்.

இப்போது திருகுகளுக்கு வருவோம். கைப்பிடியின் பக்கம் இருக்கும் டென்ஷன் குமிழ் ஸ்பூலின் அச்சை முனையில் அழுத்தி உராய்வை உண்டாக்குகிறது. லூரைத் தொங்கவிட்டு, அது மெதுவாக இறங்கித் தரையைத் தொடும்போது ஸ்பூல் நிற்கும்படி குமிழை இறுக்குங்கள் என்று கையேடுகள் சொல்கின்றன. தொடக்கக்காரருக்கும் கனமான லூருக்கும் அது நல்ல அறிவுரை. இரண்டரை கிராமுக்கு அதைப் பின்பற்றினால் வீச்சு பாழாகும். ஏனென்றால் அந்த உராய்வு வேகத்தைப் பொறுத்து ஏறி இறங்குவதில்லை. தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே அளவில் இருந்து, ஜிக்குக்குச் சக்தி மிகக் குறைந்திருக்கும் கடைசிப் பகுதியில்தான் பெரிதாகப் பறிக்கிறது. எனவே குமிழை முழுவதும் தளர்த்தி, ஸ்பூலைக் கட்டைவிரலால் இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். ‘டக் டக்’ என்று ஆடும். குமிழைச் சிறிது சிறிதாக இறுக்கிக்கொண்டே வந்து, அந்த ஆட்டம் மறையும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் தொட வேண்டாம். ஜிக் தானாக இறங்குகிறதா இல்லையா என்பதைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஸ்பூலை அடக்கும் வேலையைப் பிரேக்கிடம் விடுங்கள். மையவிலக்குப் பிரேக்கில், சுழற்சியால் வெளியே தள்ளப்படும் சிறு கட்டைகள் ஒரு வளையத்தில் உரசுகின்றன. அந்த உரசல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், வீச்சின் தொடக்கத்தில் பலமாகப் பிடித்து, வேகம் குறையக் குறைய ஏறத்தாழ முழுவதும் விட்டுவிடுகிறது. காந்தப் பிரேக்கில் தடை வேகத்தின் நேர்விகிதத்தில் இருப்பதால், முடிவுவரை ஓரளவு தொடர்ந்து பிடிக்கிறது. கட்டைகள் உள்ள ரீல் என்றால் எதிரெதிர் இணைகளாகவே இயக்குங்கள், இல்லையேல் ஸ்பூலின் சமநிலை கெடும். அவை உரசும் வளையத்தைத் துணியால் துடைத்து வையுங்கள். எந்த வகையாக இருந்தாலும் அதிகப் பிரேக்கில் தொடங்கி, ஒவ்வொரு படியாகக் குறைத்து, பறக்கும் நேரத்தில் ஸ்பூலின் மேல் நரம்பு இலேசாக உப்பத் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்கு ஒரு படி மேலே இருப்பதுதான் உங்கள் ரீலுக்கான எண். ரீலைப் பார்க்காமல் அந்த எண்ணை யாராலும் சொல்ல முடியாது. ஒரே மாதிரியைச் சேர்ந்த இரண்டு ரீல்களிலும், நரம்பின் அளவு மாறினால் அந்த எண் மாறும். எதிர்க்காற்றில் ஒன்றிரண்டு படிகள் ஏற்ற வேண்டிவரும்.

சிக்கல் எங்கே நிகழ்கிறது என்பதைக் கவனித்தால் காரணம் தெரியும். கையை விட்டவுடனே நிகழ்ந்தால், பெரும்பாலும் வெட்டி இழுத்து வீசியிருக்கிறீர்கள். நடுவழியில் நிகழ்ந்தால் பிரேக் போதவில்லை. ஜிக் நீரைத் தொடும்போது நிகழ்ந்தால் கட்டைவிரல் தாமதித்துவிட்டது.

அந்தக் கட்டைவிரலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இந்த ரீலின் மூதாதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெண்டக்கி மாநிலத்தின் பாரிஸ் என்ற ஊரில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக் கைவினைஞர் செய்த ரீல். அந்த ரீல்களில் இன்றைய பிரேக்குகள் இல்லை. வீசுபவரின் விரல்தான் பிரேக். எவ்வளவு நுட்பமான பிரேக் வந்தபின்னும் கனம் குறைந்த லூருக்கு அந்தத் திறமை தேவைப்படுகிறது. விரலை ஸ்பூலின் மேல் அழுத்தாமல், உப்பி எழும் நரம்பு வந்து தொடும் உயரத்தில் வையுங்கள். நரம்பு விரலைக் கூசச் செய்யும்போது ஒரு கணம் தொட்டு விடுங்கள். ஜிக் நீரைத் தொடுவதற்குச் சற்று முன்பே முழுவதும் நிறுத்திவிடுங்கள். வீசும்போது ரீலைக் கைப்பிடி வானத்தைப் பார்க்கும்படி சாய்த்தால் ஸ்பூல் ஒரு முனையில் மட்டும் தங்கிச் சற்றுத் தாராளமாகச் சுழலும் என்பது பழைய வீச்சாளர்களின் பழக்கம், அதுவும் உதவும்.

ராடை, அதாவது தூண்டில் கோலைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. ஆனால் உங்கள் தொல்லையில் பாதி அங்கே இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். பாஸ் மீனுக்கான முரட்டு ராடை இரண்டரை கிராம் வளைக்காது, வளையாத ராடு ஜிக்கை எறியாது. ராடு வளையாதபோது கை தானாகவே வெட்டி இழுக்கும், அதனால் ஸ்பூல் திடுக்கிட்டு எழுந்து சிக்கல் வரும். 1/32 முதல் 1/4 அவுன்ஸ் வரை என்று அச்சிட்ட, நுனி முதல் நடுப்பகுதிவரை வளையும் இலேசான காஸ்டிங் ராடு ஒன்றை மாட்டிப் பாருங்கள். ஜிக் ராடின் நுனியிலிருந்து ஒரு சாண் தொங்கட்டும். பக்கவாட்டில், தாழ்வான பாதையில், தொடக்கம் முதல் முடிவுவரை வேகம் சீராகக் கூடும்படி சுழற்றி வீசுங்கள்.

மற்ற இரண்டு செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாஸ் மீனுக்கு இறுக்கியிருக்கும் டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பு கழலவிடும் தடையை) தளர்த்தி, தராசுக் கொக்கியில் மாட்டி இழுத்தால் அரைக் கிலோவுக்குள் நரம்பு கழலும்படி வையுங்கள். அதற்கு மேல் போனால் கிராப்பியின் வாய் கிழியும். 7:1 விகிதமுள்ள ரீல் (கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஏழு சுற்று சுற்றுவது) கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு முக்கால் மீட்டர்வரை நரம்பை இழுப்பதால், வேகத்தைக் கையால் அடக்க வேண்டிவரும்.

இத்தனையும் செய்தபின் எதை எதிர்பார்க்கலாம்? இது அனுபவத்தில் வரும் கணிப்பு, ரீலுக்கு ரீல் மாறும். சாதாரண ரீல் ஒன்று, நரம்பும் பேரிங்கும் சரிசெய்த நிலையில், 5 கிராம் வரை மகிழ்ச்சியாக வீசும். 1/8 அவுன்ஸ் ஜிக்கை ரப்பருடன் சேர்த்துப் பயன்படக்கூடிய தூரத்துக்கு வீசும். 1/16 அவுன்ஸுக்கு ஆழமற்ற மாற்று ஸ்பூல் இல்லாமல் போனால் தூரம் கிடைத்தாலும் மகிழ்ச்சி கிடைக்காது. 1/32 அவுன்ஸை அதில் முயல வேண்டாம். அதற்கென்றே ஜப்பானில் உருவான, பிஎஃப்எஸ் எனப்படும் ரீல் வகை இருக்கிறது. டைவா ஆல்ஃபஸ் ஏர், ஷிமானோ குராடோ பிஎஃப்எஸ் போன்றவை அந்த வகை. ஆல்ஃபஸ் ஏரின் ஸ்பூல் விட்டம் 28 மில்லிமீட்டர்தான். முன்பு போட்ட கணக்கிலேயே, 7 கிராம் ஸ்பூலில் 2 கிராம் நரம்பு என்று வைத்தால், ஆறில் ஒரு பங்காக இருந்த ஜிக்கின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்காக உயர்கிறது. எந்தத் திருகாலும் அந்த மாற்றத்தைக் கொண்டுவர முடியாது.

காசு செலவழிக்காமல் இந்த வாரமே மீன் பிடிக்க வேண்டுமென்றால், ஜிக்கை மாற்றாமல் வீச்சின் எடையை மட்டும் கூட்டுங்கள். ஈயம் பொதிந்த ஒரு மிதவைக்குக் கீழே 1/16 அவுன்ஸ் ஜிக்கைக் கட்டினால், மொத்தம் 7 கிராமைத் தாண்டி உங்கள் பழைய ரீலின் வசதியான எல்லைக்குள் வந்துவிடும். மீனின் கண்ணுக்கு ஜிக் இலேசாகவே தொங்கும். இந்தக் கட்டுமானத்தில் நரம்பை மாற்றினால் போதும், மற்றதை நிதானமாகச் செய்யலாம். மரக்கட்டைகளின் நடுவே நீளமான ராடால் நேராக இறக்கிப் பிடிப்பதற்கும் வீச்சே தேவையில்லாததால் இதே ரீல் நன்றாகப் பயன்படும். படகுத்துறைப் பலகைகளுக்கு அடியில் ராடை வில்லாக வளைத்து ஜிக்கை எய்யும் முறைக்கு மட்டும் ஸ்பின்னிங் ரீலையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஸ்பூல் எழுவதற்குள் ஜிக் தன் பயணத்தை முடித்திருக்கும்.

உங்கள் ரீலின் மாதிரியையும், ராடின் மீது அச்சிட்டுள்ள எடை எல்லையையும் எழுதினால், அதற்கு ஆழமற்ற ஸ்பூல் கிடைக்கிறதா, பேரிங் எந்த அளவு, பிரேக் எந்த வகை என்பதைப் பார்த்துச் சொல்கிறேன்.